காது அரிப்புக்குத் தைலம் விடாதீர்கள்

காது அரிக்கிறது என்று வருகிறவர்களிடம் "ஏதாவது விட்டீங்களா?" என்று கேட்டால், "இல்லையே" என்பார்கள். "என்ன விட்டீங்க?" என்று கேட்டால்தான் உண்மை வரும். முன்பெல்லாம் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் என்பார்கள். இப்போது டீ ட்ரீ ஆயில், கிராம்புத் தைலம், யூகலிப்டஸ் தைலம். இந்த வாரமும் ஓர் அம்மா வந்தார். காதுத் துளை வீங்கி அடைத்துப்போய், குழந்தைகளுக்கு வைத்திருக்கும் சின்னக் கருவிகூட உள்ளே போகவில்லை. "இயற்கையானதுதானே டாக்டர்?" என்கிறார்.

இயற்கைதான். எருக்கம்பாலும் இயற்கைதான், கண்ணில் விட்டுக்கொள்வீர்களா? தைலம் என்றால் ஏதோ இலைச்சாறு என்று நினைக்கிறார்கள். கிலோக் கணக்கில் இலையை ஆவியில் வடித்தால் கிடைப்பது கொஞ்சம்தான். அவ்வளவு காரமும் அதற்குள் இருக்கும். கிராம்புத் தைலம் ஈறில் பட்டாலே எரிகிறது. காதின் உள்பகுதித் தோலோ மிக மெல்லியது, நேராக எலும்பின் மேல் ஒட்டியிருப்பது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் தைலம் நடுக்காதுக்கே போய்விடும். பலருக்குத் தன் காதில் ஓட்டை இருப்பதே தெரியாது. கினிப்பன்றிகளின் நடுக்காதில் கலப்பில்லாத டீ ட்ரீ ஆயிலை 30 நிமிடம் விட்டுப் பார்த்த ஆய்வில், உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன் குறைந்தது.

"பூஞ்சையைக் கொல்லுமாமே?" சோதனைக்கூடத் தட்டில் கொல்லும். உங்களுக்கு இருப்பது பூஞ்சைதான் என்று யார் சொன்னது? பொடுகாலும் அரிக்கும், ஹேர் டையாலும் அரிக்கும், காதுக்கருவி ஒத்துக்கொள்ளாமலும் அரிக்கும். தினமும் பட்ஸ் விட்டுக் குடைந்து, காதைக் காக்கும் குறும்பியைத் துடைத்தெடுத்தவர்களுக்கும் அரிக்கும். பூஞ்சை என்றால், காதை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது பெரும்பாலும் நனைந்த செய்தித்தாள் மாதிரி, மேலே கறுப்புப் புள்ளிகளோடு தெரியும். அதை உறிஞ்சிச் சுத்தம் செய்த பிறகுதான் சொட்டு மருந்தே வேலை செய்யும். தேங்காய் எண்ணெயில் தைலத்தைக் கலந்து விட்டாலும் ஈரம் தங்கிப் பூஞ்சைக்கு வசதிதான்.

குடையாதீர்கள். பட்ஸ், ஹேர்பின், சாவி எதுவும் வேண்டாம். குளித்ததும் வெளிக்காதைத் துண்டால் ஒற்றுங்கள், போதும். போன வருடம் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தையும் நீங்களாக விடாதீர்கள். ஏற்கெனவே தைலம் விட்டாயிற்றா? சரி, அதைக் கழுவுகிறேன் என்று தண்ணீர் ஊற்றாமல் கிளம்பி வாருங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களைத்தான் கெஞ்சிக் கேட்கிறேன். உங்களுக்குக் காதுத் தோலில் வரும் கிருமித்தொற்று எலும்புவரை இறங்கக்கூடும். ராத்திரி தூங்கவிடாத காதுவலி என்றால் அன்றைக்கே வாருங்கள். வரும்போது அந்தத் தைலப் புட்டியும் கையில் இருக்கட்டும், லேபிளை நான் பார்க்க வேண்டும்.