மணிக்கட்டு வலித்தால் வில்லைக் கீழே வையுங்கள்

மார்கழி நெருங்கிவிட்டால் சென்னையில் வயலின் சொல்லிக்கொடுக்கும் எங்களுக்கு ஒரே கேள்விதான் வருகிறது: "கை வலிக்கிறது என்கிறாள் சார், தைலம் தடவி வாசிக்கச் சொல்லட்டுமா?" சென்ற வாரம் வந்த சிறுமிக்கு இடது மணிக்கட்டில் துணிக்கட்டு. மதிய நேரக் கச்சேரி ஒன்று கிடைத்திருக்கிறதாம். வர்ணத்தில் (கச்சேரியைத் தொடங்கும் உருப்படி) இரண்டாம் காலம், அதாவது இரட்டை வேகம், எடுத்ததுமே இடது தோள் காதுவரை ஏறிவிடுகிறது. அப்பா சிரித்துக்கொண்டே, "பழகப் பழகச் சரியாகிவிடும் இல்லையா?" என்கிறார்.

ஆகாது. அந்த வாக்கியம் விரல் நுனிக்கு மட்டுமே பொருந்தும். தந்தியை அழுத்தி அழுத்தித் தோல் சிவக்கும், எரியும், பிறகு காய்த்துப்போகும். எல்லோரும் இதைக் கடந்தவர்கள்தான். ஆனால் காய்ப்பது தோல். மணிக்கட்டுக்குள் ஓடும் தசைநார் காய்க்காது, நரம்பும் காய்க்காது. வாசிக்க வாசிக்க வீங்கத்தான் செய்யும். வயலினைக் கீழே வைத்ததும் அடங்குகிற எரிச்சலுக்கு நான் பயப்படுவதில்லை. இரவில் விரல் மரத்துப்போகிறது, காலையில் டம்ளரைத் தூக்கினால் சுரீரென்கிறது என்றால் அது சாதகத்தின் (இசைப் பயிற்சியின்) அடையாளமல்ல, காயம். இதைச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் காய்த்துப்போயிற்று.

காரணம் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கிறது. "எப்படியும் வளரத்தானே போகிறான்" என்று பள்ளிச் சீருடை எடுப்பதுபோல முழு அளவு வயலினை வாங்கிவிடுகிறார்கள். முக்கால், அரை, கால் என்று அளவுகள் இருப்பது விளையாட்டுக்கல்ல. கீழே சம்மணமிட்டு, வயலினின் தலையை வலது பாதத்தருகே ஊன்றி, இடது கையை ஷட்ஜத்தில் (தலைக்கு அருகே, 'ஸ' வாசிக்கும் நிலையில்) வைக்கச் சொல்லுங்கள். முழங்கை விறைத்து நீண்டுவிட்டால் அந்த வயலின் பெரிது. (இணையத்தில் பார்த்துத் தோள் தாங்கி வாங்கி வருபவர்களுக்கு: அது மேற்கத்திய முறையில் தோளில் வைத்துத் தாடையில் இடுக்கி வாசிப்பவர்களுக்கானது.)

இன்னொன்று, தினமும் அரை மணி நேரம் வாசித்த குழந்தையைக் கச்சேரிக்கு முந்தைய பத்து நாளில் மூன்று மணி நேரம் உட்காரவைப்பது. தயவுசெய்து வேண்டாம். நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நடுநடுவே வயலினை இறக்கிவைத்து எழுந்து நடக்கவிடுங்கள். வலி நிவாரணி கொடுத்து மேடையேற்றவே ஏற்றாதீர்கள்.

எங்கள் தொழிலின் சங்கடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். "இரண்டு வாரம் வாசிக்காதே" என்று சொல்லும் ஆசிரியரிடமிருந்து மாணவர் நழுவிவிடுவார். மேடை வாங்கித் தருகிறேன் என்பவரிடம் கூட்டம் சேரும். மாதச் சம்பளத்தை நம்பியிருப்பவர் வாய் திறக்கத் தயங்குவதும் அதனால்தான். ஆகவே கேட்க வேண்டியவர்கள் பெற்றோர். வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். குழந்தை முகம் சுளித்தால் அங்கேயே கேளுங்கள். வீடியோ வகுப்பென்றால் கேமராவை முகத்துக்கு வைக்காதீர்கள், இடது மணிக்கட்டுக்கு வையுங்கள்.

வாசிக்காத நாட்கள் வீணல்ல. கிருதியை (பாட்டை) தாளம் போட்டு வாய்விட்டுப் பாடட்டும். பாட வராத சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றி அழகுபடுத்தும் விதம்) வில்லிலும் வராது. ஓய்வுக்குப் பிறகும் வலி இருந்தால் எலும்பு மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ போங்கள். போகும்போது வயலினையும் எடுத்துப்போய், அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து நான்கு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.