கென்யாவுக்கு விசா வேண்டாம், ஆனால் வெறுங்கையோடு போக முடியாது

2024 ஜனவரி முதல் கென்யாவுக்குச் சுற்றுலா போக விசா தேவையில்லை. அதிபர் வில்லியம் ரூட்டோ 2023 டிசம்பரில் இதை அறிவித்தபோது நம் ஊர்ச் செய்திகளிலும் வந்தது. ஆனால் விசா போன இடத்தில் மின்னணுப் பயண அனுமதி ஒன்று வந்திருக்கிறது. இடிஏ என்கிறார்கள். அதைக் கிளம்பும் முன்பே இணையத்தில் வாங்கிவிட வேண்டும். நைரோபியில் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வழி இப்போது இல்லை. இடிஏ இல்லாதவரை விமான நிறுவனமே ஏற்றாது.

ஆனாலும் இந்தியாவிலிருந்து போகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இடிஏ அல்ல, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி என்பேன். இடிஏவுக்குச் சில நாட்கள் போதும். ஊசிக்கு அப்படி அவசரப்பட முடியாது.

இங்கே பலர் குழம்புவது ஏனென்றால், இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவரிடம் கென்யா இந்த ஊசி போட்டதற்கான சான்றிதழைக் கேட்பதில்லை. கேட்பது இந்தியா, அதுவும் திரும்பி வரும்போது. மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள நாடுகளின் பட்டியலில் கென்யா இருக்கிறது. அந்த நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் ஊரில் ஏராளம், நோய் மட்டும் இன்னும் இங்கே வரவில்லை. அதனால் இந்திய அரசு இதில் கண்டிப்பாக இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால், அபாய நாட்டை விட்டுக் கிளம்பிய நேரத்திலிருந்து 6 நாள் முடியும் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி உண்டு. 9 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் விலக்கு. இலங்கையும் அபாய நாடுகளிலிருந்து வருபவர்களிடம் இதே சான்றிதழைக் கேட்கிறது.

ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். திங்கள்கிழமை ஊசி, வெள்ளிக்கிழமை விமானம் என்று திட்டமிட்டுவிட்டு, திரும்பி வருவதற்குள் 10 நாள் ஆகிவிடும் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. பயணம் ஐந்து நாள்தான் என்றால் அந்தக் கணக்கு உதைக்கும். அதைவிட முக்கியமாக, உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாகவும் அத்தனை நாள் தேவை. ஒரு மாதம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு முறை போட்டால் ஆயுள் முழுக்கப் போதும். 2016 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் விதி அப்படி மாறியது. 10 ஆண்டு என்று அச்சிட்ட பழைய மஞ்சள் நிறச் சான்றிதழ்ப் புத்தகம் வீட்டில் இருந்தால் அதுவும் செல்லும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எல்லா மருத்துவமனைகளிலும் இந்த ஊசி கிடையாது. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டும் துறைமுகச் சுகாதார அலுவலகமும் அப்படிப்பட்டவை. ஒரு மருந்துக் குப்பியைத் திறந்தால் பலருக்குப் போட்டாக வேண்டும், மீதத்தை எடுத்து வைக்க முடியாது. அதனால் குறிப்பிட்ட நாட்களில், முன்பதிவு செய்தவர்களுக்குத்தான் போடுவார்கள். அசல் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோங்கள், அதன் எண்ணைச் சான்றிதழில் எழுத வேண்டும்.

அப்பா அம்மாவை அழைத்துப்போகிறவர்கள் இதைக் கொஞ்சம் கூடுதலாக யோசிக்க வேண்டும். இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி. 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். முட்டை ஒவ்வாமை கடுமையாக இருப்பவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், கர்ப்பிணிகள் எல்லோரும் மருத்துவரிடம் பேசாமல் போட்டுக்கொள்ளக் கூடாது. போட முடியாது என்று மருத்துவர் சொன்னால், உரிய முறையில் விலக்குச் சான்றிதழ் வாங்கலாம். ஆனால் அதை ஏற்பதும் ஏற்காததும் விமான நிலையச் சுகாதார அதிகாரியின் முடிவு. இதையெல்லாம் பேசி முடிவு செய்துவிட்டு டிக்கெட் எடுப்பதுதான் நல்லது.

சரி, இடிஏவுக்கு வருவோம். அடிப்படைக் கட்டணம் 30 அமெரிக்க டாலர். கைக்குழந்தைக்கும் தனியாக வாங்க வேண்டும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் பணம் திரும்பி வராது. வந்து சேரும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், முகம் தெளிவாகத் தெரியும் படம், விமான விவரம், தங்குமிடப் பதிவு ஆகியவற்றைக் கேட்பார்கள். நண்பர் வீட்டில் தங்குவதானால் அவர் தரும் அழைப்புக் கடிதம் வேண்டும். மூன்று வேலை நாட்களில் முடித்துத் தருவதாக அரசு சொல்கிறது. நடுவில் சனி, ஞாயிறு, கென்ய விடுமுறை நாட்கள் வரும் என்பதால் இரண்டு வாரம் முன்பே போட்டுவிட்டால் நிம்மதி.

தேடுபொறியில் தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டும் தனியார் தளங்கள் பல வரும். இரண்டு மூன்று மடங்கு பணம் வாங்கிக்கொண்டு, நீங்களே நிரப்பக்கூடிய அதே படிவத்தைத்தான் நிரப்பித் தருவார்கள். உண்மையான தளத்தின் முகவரி '.go.ke' என்ற எழுத்துகளில் முடியும். பணம் கட்டும் முன் அதை ஒரு தடவை பாருங்கள். அனுமதி மின்னஞ்சலில் வரும். போனில் இருந்தாலும் ஒரு அச்சுப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதி வந்த 90 நாட்களுக்குள் பயணம் தொடங்க வேண்டும், ஒரு முறை நுழைவதற்குத்தான் அது. நாட்டுக்குள் எத்தனை நாள் என்பதைக் குடிவரவு அதிகாரி முத்திரையில் குறிப்பார். அந்தத் தேதியை அங்கேயே படித்துவிடுங்கள்.

கென்யாவோடு பக்கத்து நாட்டையும் பார்க்க நினைப்பவர்களுக்கு இன்னொரு வழி, கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா. 100 டாலர். கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றிலும் 90 நாட்கள் போய் வரலாம். முதலில் எந்த நாட்டில் இறங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். தனித்தனியாக வாங்கினால் உகாண்டாவுக்கு 50, கென்யாவுக்கு 30; இந்தியா காமன்வெல்த் நாடு என்பதால் ருவாண்டாவில் 30 நாள் வரை நமக்கு விசாக் கட்டணம் இல்லை. ஆக, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தடவைதான் என்றால் தனித்தனியே வாங்குவதுதான் மலிவு. தான்சானியா இதில் சேராது. அதற்குத் தனி விசா, இந்தியர்களுக்கு 50 டாலர். கென்யாவிலிருந்து போகிறவர்களிடம் தான்சானியாவும் மஞ்சள் காய்ச்சல் சான்றிதழைக் கேட்கும். ஜான்சிபார் தீவுக்குப் போனால் அங்கே அரசு விற்கும் பயணக் காப்பீட்டை 44 டாலருக்கு வாங்கியே ஆக வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து இந்த விதி.

இனி பெட்டி கட்டுவது. ஊறுகாய், பருப்புப்பொடி, முறுக்கு என்று எடுத்துப்போகாமல் நாம் கிளம்புவதில்லை. எல்லாவற்றையும் பாலித்தீன் கவரில் சுற்றுவதும் நம் வழக்கம். கென்யாவில் 2017 ஆகஸ்ட் 28 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. சட்டத்தில் 20 லட்சம் முதல் 40 லட்சம் ஷில்லிங் வரை அபராதமும் சிறையும் உண்டு. பயணிகள் மீது அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், கடைக் கவர்களையும் விமான நிலையக் கடையில் தரும் பைகளையும் இறங்கியதும் கொடுத்துவிடச் சொல்வார்கள். துணிப்பைகளும் எவர்சில்வர் டப்பாக்களும் எடுத்துப்போவது எளிது. 2020 ஜூன் 5 முதல் தேசியப் பூங்காக்கள், கடற்கரைகள், காடுகளில் ஒரு முறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டில்களுக்கும் தடை வந்துவிட்டது. ஆளுக்கொரு நிரப்பும் பாட்டில் இருக்கட்டும். டிரோன் வேண்டாம், கென்ய விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி இல்லாமல் அதைப் பறக்கவிட முடியாது.

செலவுக் கணக்கில் பலரை அதிர வைப்பது மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தின் நுழைவுக் கட்டணம். இந்தக் காப்பகத்தை நடத்துவது நரோக் மாவட்ட நிர்வாகம், தேசியப் பூங்காத் துறை அல்ல. வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர். ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். மான்கூட்டம் மாரா ஆற்றைக் கடக்கும் மாதங்கள் இதில் வருவதால் இந்த இரட்டை விலை. 9 முதல் 17 வயது வரை 50 டாலர், அதற்குக் கீழே இலவசம். கோடை விடுமுறையில், அதாவது மே மாதத்தில், போகிற நம் ஊர்க் குடும்பங்களுக்குப் பாதி விலை என்பது பெரிய ஆறுதல். மழை பெய்யும், ஆனால் சிங்கமும் யானையும் எங்கும் போய்விடாது.

சீட்டு காலை 6 முதல் மாலை 6 வரைதான் செல்லும். காப்பகத்துக்குள்ளேயே தங்குகிறவர்கள் கடைசி நாள் காலை 10 மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். தாண்டினால் அந்த நாளுக்கும் முழுக் கட்டணம். டூர் ஏஜென்ட் தரும் தொகையில் இந்தக் கட்டணம் எத்தனை நாளுக்குச் சேர்ந்திருக்கிறது என்று முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேளுங்கள். கடைசி நாள் காலையில் ஒரு சுற்று போய்விட்டுக் கிளம்பலாம் என்று ஓட்டுநர் சொன்னால், கேட்டுக்குத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.