எடை கூடியவர்களுக்கான கைட்போர்டிங்: முதலில் பலகையைக் கவனியுங்கள்

பெரிய பட்டம் போன்ற கைட் காற்றில் இழுக்க, பலகையில் நின்று நீர்மேல் சறுக்கும் விளையாட்டான கைட்போர்டிங்கைக் கற்றுத் தருபவன் என்ற முறையில் இதை எழுதியே ஆக வேண்டியிருக்கிறது. ஏறத்தாழ 105 கிலோ எடையுள்ள ஒருவர், ஏற்கெனவே வாங்கிவிட்ட 17 சதுர மீட்டர் கைட்டோடும் 136 சென்டிமீட்டர் பலகையோடும் அண்மையில் பயிற்சிக்கு வந்தார். "உங்கள் எடைக்குப் பெரிய கைட்தான் சரி, பலகை எதுவானாலும் பரவாயில்லை" என்று விற்றவர் சொன்னாராம். இதே பேச்சை நம்பி, இதே பொருந்தாத கருவிகளோடு வருபவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் சலித்துவிட்டது.

எடை கூடக்கூட இழுவிசையும் கூடுதலாகத் தேவைப்படும் என்பது உண்மைதான். எடையை 2.2ஆல் பெருக்கி, வரும் தொகையைக் காற்றின் வேகத்தால் (நாட் கணக்கில்; ஒரு நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்) வகுத்தால் கைட்டின் பரப்பு தோராயமாகக் கிடைத்துவிடும். 16 நாட் காற்றில் 75 கிலோ எடையுள்ளவருக்குப் பத்து சதுர மீட்டருக்குச் சற்று மேலும், 100 கிலோ எடையுள்ளவருக்குப் பதினான்குக்குச் சற்றுக் கீழும் வரும். ஆனால் இந்தக் கணக்கு, பலகை எடைக்கு ஏற்றதாக இருக்கிறது என்ற அனுமானத்தில் போடப்படுவது. பலகை சிறியதாக இருந்தால், கைட் இழுத்தாலும் அது நீர்மட்டத்துக்கு மேலெழாமல் அமிழ்ந்து உழும். ஏறியவர் காற்று போதவில்லை என்று எண்ணி இன்னும் பெரிய கைட்டைத் தேடுவார். 136க்கு 41 சென்டிமீட்டர் பலகையையும் 155க்கு 45 சென்டிமீட்டர் பலகையையும் நீள அகலத்தைப் பெருக்கி ஒப்பிட்டால், பின்னதற்கு நான்கில் ஒரு பங்கு பரப்பு கூடுதல். அதிலும் முனைகள் அதிகம் மேல்நோக்கி வளையாத தட்டையான பலகை குறைந்த காற்றிலேயே எழும்பிவிடும். நூறு கிலோவைத் தொட்டவர்கள் கற்றுக்கொள்ளும் காலத்தில் 150க்குக் குறைந்த பலகையைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து.

என்னை மிகவும் வருத்தும் தவறான நம்பிக்கை வேறொன்று: "நான் கனமானவன், என்னைக் காற்று தூக்கிவிடாது." தயவுசெய்து நிதானமாக யோசித்துப் பாருங்கள். எடைக்கு ஏற்றபடி கைட்டையும் பெரிதாக்கிய அந்தக் கணத்திலேயே எடையால் கிடைத்த காப்பு செலவாகிவிட்டது. ஒரு கிலோவுக்கு எத்தனை சதுர மீட்டர் என்று பார்த்தால், மெலிந்தவரும் நீங்களும் ஒரே நிலையில்தான் நிற்கிறீர்கள். மேற்சொன்ன கணக்குப்படி, 105 கிலோ எடையுள்ளவருக்கு 17 சதுர மீட்டர் கைட் 13, 14 நாட் காற்றுக்கானது. 20 நாட் வீசும்போது அவருக்கு வேண்டியது 11.5 சதுர மீட்டர்தான். காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 15 நாட்டில் வீசும் காற்று திடீரென 21க்கு எகிறினால் இழுவிசை ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். பெரிய கைட் மெதுவாகத் திரும்புவதால் அதைத் திருத்தும் அவகாசமும் குறைவு. தூக்கப்பட்டு விழும்போதோ, அதே உயரத்திலிருந்து விழும் மெலிந்தவரைவிடக் கனமானவரின் முழங்காலும் கணுக்காலும் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது. எடை நங்கூரமன்று.

கைட்டின் இழுப்பை உடலில் தாங்க அணியும் கொக்கி வைத்த பட்டையான ஹார்னஸை வாங்கும்போது எடையைச் சொல்லாதீர்கள், இடுப்பளவைச் சொல்லுங்கள். வயிறு சற்று முன்தள்ளியவர்களுக்கு இடுப்பில் கட்டும் வகை, கைட் மேலே நிற்கும்போது நழுவி விலா எலும்புகளின் கீழே ஏறி நிற்கும். கொக்கி மார்புவரை வந்துவிட, மூச்சு முட்டுவதோடு, ஆபத்தில் கைட்டின் இழுப்பைத் துண்டிக்கும் அவசர விடுவிப்பானும் கை பழகிய இடத்தில் இராது. இவர்களுக்குத் தொடைப் பட்டைகளுடன் கூடிய இருக்கை வகையே பொருத்தமானது. வாங்குமுன் அதை அணிந்து, உறுதியான கயிற்றில் கொக்கியை மாட்டி உடலின் முழு எடையையும் தொங்கவிட்டுப் பாருங்கள். அப்படித் தொங்கும்போதே விடுவிப்பானையும் இயக்கிப் பழகுங்கள், ஏனெனில் கையில் பிடித்து அழுத்தும்போது எளிதாகத் திறப்பது முழுச் சுமையில் அடம்பிடிக்கலாம். விடுவிப்பான்களுக்கென 2020இல் ஐஎஸ்ஓ 21853 என்ற சர்வதேசத் தரநிலை வந்துவிட்டது. விடுவிப்பானோடு வரும் பழைய பாரை (கைட்டை இயக்கும் கைப்பிடித் தண்டை) மலிவாக வாங்குபவர்கள் இதைக் கேட்டறிவதே இல்லை.

கைட்டின் முன்விளிம்புக் குழாயில் காற்றைக் குறைவாக அடைக்காதீர்கள். தயாரிப்பாளர் குறித்த அழுத்தம் இல்லையென்றால், கனமானவரின் இழுப்பில் கைட் வளைந்து வடிவம் கெடும். கைட்டையும் பாரையும் இணைக்கும் லைன்களில் நூல் பிரிந்திருந்தால் உடனே மாற்றுங்கள். மோதலின் அடியைத் தாங்க அணியும் மெத்தை வைத்த கையில்லாச் சட்டையை உயிர்காக்கும் மிதவைச் சட்டை என்று எண்ண வேண்டாம்.

கைட் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், நூறு கிலோ எடையுள்ளவர் 14 சதுர மீட்டரளவில் நிறுத்திக்கொண்டு, மிச்சப் பணத்தைப் பெரிய பலகையில் போடுவது நல்லது. அந்தக் கைட்டைக் கரையில் எடுக்குமுன் முன்னறிவிப்பில் சராசரி வேகத்தை மட்டும் பார்க்காமல், எகிறும் வேகத்தையும் பாருங்கள். அது 20 நாட்டைத் தாண்டுமானால், அன்று அதை விரிக்காதீர்கள்.