கேலரியில் எத்தனை பேர் என்பதை வாசல்தான் முடிவு செய்யும்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் செவன்ஸ் கால்பந்தோ (அணிக்கு ஏழு பேர் ஆடுவது) கபடியோ நடத்துகிறவர்கள், தற்காலிக கேலரிக்கு உறுதிச் சான்று கேட்டு, பொறியாளரான என்னிடம் வருவார்கள். முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "ஏனுங்க சார், இதுல எத்தனை பேரை உக்கார வைக்கலாமுங்க?" பந்தல்காரர் போட்டுக் கொடுத்த கணக்கு கையில் இருக்கும். ஆளுக்கு ஒன்றரை அடி, படியின் நீளம், படிகளின் எண்ணிக்கை. பெருக்கினால் 1,500 வருகிறது, அவ்வளவு டிக்கெட் அடித்துவிடலாம் என்பார்கள்.

உட்காருவதற்கு அந்தக் கணக்கு சரி. ஆனால் அத்தனை பேரும் இறங்கி வெளியே போக வேண்டுமே?

பிரிட்டனில் விளையாட்டரங்குப் பாதுகாப்புக்கு 'கிரீன் கைடு' என்ற வழிகாட்டி இருக்கிறது. எத்தனை பேருக்கு இடம் உண்டு, எத்தனை பேர் ஒரு மணி நேரத்தில் உள்ளே வர முடியும், ஆட்டம் முடிந்ததும் எத்தனை பேர் 8 நிமிடத்துக்குள் வெளியேற முடியும், ஆபத்து என்றால் எத்தனை பேர் தப்ப முடியும் என்று நாலு விதமாகப் பார்க்கச் சொல்கிறது. எது குறைவோ அதுதான் கொள்ளளவு. ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்குச் சமதரையில் 82 பேரும் படிக்கட்டில் 66 பேரும் போகலாம் என்பது அதன் அளவு. அப்படியென்றால் 1.2 மீட்டர் அகலத்தில் ஒரே படிக்கட்டு வைத்த கேலரியிலிருந்து 8 நிமிடத்தில் இறங்குவது சுமார் 630 பேர். 1,500 பேரை ஏற்ற ஆசைப்பட்டால் மூன்று படிக்கட்டு வேண்டும்.

60,000 பேர் வரை ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து ஆட்டம் பார்த்த கொச்சி மைதானத்தில், 2017 உலகக் கோப்பை (17 வயதுக்குட்பட்டோர்) ஆட்டங்களுக்கு 29,000 பேரை மட்டுமே அனுமதித்தார்கள். அவசரத்தில் எத்தனை பேரை வேகமாக வெளியேற்ற முடியும் என்று பார்த்துக் குறைத்த எண் அது.

அடுத்தது கேலரியின் கால். சான்று கொடுக்கும் முன் அடியில் குனிந்து போய்ப் பார்ப்பேன். நேராக நிற்கும் சவுக்குக் கட்டையும் பைப்பும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். குறுக்கே எக்ஸ் மாதிரி போக வேண்டிய பைப்தான் பாதி இடத்தில் இருக்காது, ஆள் நடக்க இடைஞ்சல் என்று கழற்றியிருப்பார்கள். கோல் விழுந்ததும் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் எழுந்து குதிக்கும்போது எடை கீழே மட்டும் இறங்குவதில்லை, மொத்த கேலரியும் முன்னும் பின்னும் ஆடுகிறது. அந்த ஆட்டத்தைத் தாங்குவது குறுக்குப் பைப்தான். அப்புறம் மண். தூசி அடங்க லாரித் தண்ணீர் அடித்த செம்மண்ணில், அடிப்பலகை இல்லாமல் நிற்கும் கால் இரண்டு அங்குலம் இறங்கினாலும் மேலே இருக்கும் வரிசை சாய்ந்துவிடும். 2022 மார்ச்சில் மலப்புரம் பூங்ஙோட்டில் செவன்ஸ் பார்க்க வந்தவர்களோடு தற்காலிக கேலரி சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். பாலக்காட்டைத் தாண்டினால் அந்த ஊர்.

கேலரிக்கு அடியில் பஜ்ஜிக் கடை போட விடாதீர்கள். 1985-இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு மைதானத்தின் மர கேலரியில், அடியில் சேர்ந்து கிடந்த குப்பையில் பிடித்த தீ 56 உயிரைக் கொண்டுபோனது. பின்பக்கம் ஓடியவர்களுக்குப் பூட்டிய கதவுகள்தான் இருந்தன.

நம் ஊரிலும் டிக்கெட் இல்லாதவர் நுழைவார் என்று பின்வாசலைப் பூட்டுகிறார்கள். எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் இது. ஆள் போட்டுக் காவல் காக்கலாம், பூட்டக் கூடாது. 2025 ஜூனில் பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர். அதே ஆண்டு செப்டம்பரில் கரூரில் 41 பேர். கரூர் நமக்கு அடுத்த வீடு. அதற்குப் பிறகும் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவரிடம் என்ன சொல்வது?

எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது, கூட்டம் பரவி உட்கார வேண்டும். 1989-இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில், பார்வையாளர் நிற்கும் பக்கவாட்டு அடைப்புகளில் இடம் இருந்தது. வாசலைத் திறந்து உள்ளே விட்டபோது, நடு அடைப்புகளுக்குப் போகும் வழியை யாரும் மறிக்கவில்லை. ஏற்கெனவே நிரம்பிய இடத்திலேயே போய்ச் சேர்ந்தார்கள், 97 பேர் இறந்தார்கள். ஆகவே ஒவ்வொரு கேலரிக்கும் தனி நிற டிக்கெட், தனி வாசல், நிரம்பியதும் அந்த வாசலில் வரிசையை நிறுத்த ஓர் ஆள் வேண்டும். லீக் ஆட்டத்துக்கு வந்த கூட்டத்தை வைத்து இறுதி நாளைக் கணிக்காதீர்கள். 2019 மார்ச்சில் கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணி ஐ-லீக் கோப்பையை வென்ற மாதிரியான நாளில், வழக்கமாக வராதவர்களும் வீட்டோடு கிளம்பி வருவார்கள்.

போட்டிக் குழுவினரிடம் நான் கேட்பது ஒன்றுதான். பொறியாளரை டிக்கெட் அச்சுக்குப் போகும் முன் கூப்பிடுங்கள். விற்ற பிறகு 1,500-ஐ 600 ஆக்கச் சொன்னால் யாராலும் முடியாது. ஒரு வாரம் முன்னால் சொன்னால் இன்னும் இரண்டு படிக்கட்டு போட்டுவிடலாம், அதற்கு ஆகிற செலவும் பெரிதில்லை.