ஒரே அப்பாவுக்கு மூன்று பெயர்

மூன்று பிள்ளைகள். ஒரே அப்பா. பத்திரங்களை மேசையில் பரப்பினால் மூன்று அப்பாக்கள். மூத்தவரின் அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் ஆங்கில ஒய் எழுத்தில் முடிகிறது. அடுத்தவருக்கு அதே பெயர் ஐ எழுத்தில் முடிகிறது, நடுவில் ஒரு எழுத்தும் கூடியிருக்கிறது. கடைசித் தம்பி ஆஸ்திரேலியாவில் குடியேறியவர். அங்கே, ‘இன்னாரின் மகன்’ என்பதைக் காட்டும் மலாய்ச் சுருக்கமான ‘ஏ/எல்’லை எடுத்துவிட்டு, அப்பாவின் பெயரில் பாதியை வெட்டிக் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார். இப்போது அப்பா இல்லை. அவர் பெயரில் இருக்கும் வீட்டைப் பிரிக்க வேண்டும். இந்த மூவரும் அவருடைய பிள்ளைகள்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று நில அலுவலகத்தில் கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான்.

கோலாலம்பூரில் சொத்துப் பிரிவினை வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர் நான். ஆள் அடையாளம் தெரியாதபடி மேலே சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் கதை பழையது, திரும்பத் திரும்ப வருவது. இந்த மாதமும் வந்தது. போதும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

இந்தக் குழப்பத்துக்கு நம் பாட்டன்மார் காரணம் இல்லை. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி பினாங்கில் இறங்கியவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் பெயரை ஆங்கிலத்தில் எழுதத் தெரியாது. ரப்பர் தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கர், காதில் விழுந்தபடி எழுதினார். கிராணிகள் பலர் மலையாளிகள், யாழ்ப்பாணத்தார். அவர்கள் காதுக்கு எட்டியது ஒரு மாதிரி, மருத்துவமனையில் பதிந்தவர் காதுக்கு எட்டியது வேறு மாதிரி. லெட்சுமி, லெச்சுமி, லட்சிமி மூவரும் ஒரே பாட்டியாக இருப்பது இங்கே சாதாரணம். மாதா கோவில் பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயர் தனியாக இருந்தால் இன்னும் சிக்கல். தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்து வரிசை வீடுகளைவிட்டுப் பட்டணம் வந்தபோது பல குடும்பங்கள் பிறப்புப் பத்திரத்தையே தொலைத்தன. இன்றும் குடியுரிமை இல்லாமல், நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் முதியவர்களின் குடியுரிமைக் கோப்புகளில் இந்த எழுத்து வேறுபாடும் சேர்ந்து இழுக்கிறது.

சரி, அது நடந்து முடிந்தது. எனக்குக் கோபம் வருவது இன்றைக்குப் படித்தவர்கள் சொல்லும் ஒரு வார்த்தையில்: “நமக்குத்தான் சர்நேம் இல்லையே, அதனால்தான் இவ்வளவு பிரச்சினை.”

இல்லை. குடும்பப் பெயர் இல்லாதது குறையே இல்லை. நம்மிடம் இருப்பது வேறொரு முறை: என் பெயர் என்னுடையது, அதோடு யார் பிள்ளை என்பதும் சேர்ந்து வரும். மலாய்க்காரர்கள் மகனுக்குப் போடும் ‘பின்’, மகளுக்குப் போடும் ‘பிந்தி’யும் இதே முறைதான். டாக்டர் மகாதீர் பின் முகமது இரண்டு முறை பிரதமராக இருந்தார். அவரை யாராவது ‘பிரதமர் முகமது’ என்றார்களா? ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்கு இன்றும் தகப்பன் பெயரோ தாய் பெயரோதான் பின்னால் வருகிறது. அங்கே தொலைபேசிப் புத்தகமே சொந்தப் பெயர் வரிசையில்தான் இருந்தது. பர்மியர்களுக்கும் குடும்பப் பெயர் வழக்கம் கிடையாது. இந்தோனேசியாவின் முதல் அதிபர் சுகர்னோவுக்கு இருந்தது ஒற்றைப் பெயர். நம் தமிழர்களில் வீ.தி. சம்பந்தன் தகப்பன் பெயரை முதலெழுத்தாக வைத்துக்கொண்டே மலேசிய மந்திரிசபையில் உட்கார்ந்தார், தோட்டம் வாங்கும் கூட்டுறவையும் கட்டினார். அவருக்கு எந்தப் பெயர் குறைவாக இருந்தது?

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பெயருக்குப் பின்னால் சாதியைப் போட்டு, அதையே குடும்பப் பெயர்போல வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடமும் இருந்தது. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு அதை விடச் சொன்னது. அதே ஆண்டு கடைசியில் பெரியார் மலாயாவுக்கும் வந்தார். அந்த வாலை வெட்டித்தான் வெறும் பெயரும் தகப்பன் பெயருமாக நிமிர்ந்து நின்றோம். அதைப் போய் ‘இல்லாமை’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

அப்படியென்றால் சிக்கல் எங்கே? வெளிநாட்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக நிரப்புகிறோம். விசாவில் தகப்பன் பெயர், வங்கியில் சொந்தப் பெயர், பட்டச் சான்றிதழில் ‘ஏ/எல்’லே குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் இருக்கின்றன. அதில் ‘ஏ/எல்’லின் சாய்கோட்டுக்கு இடமே இல்லை. அந்த இரண்டு வரியில் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்து, எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். இவ்வளவுதான் வேலை.

பெயரையே மாற்ற வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. வாடகை அறை விளம்பரத்தில் இந்த இனத்தவர் மட்டும் என்று கூச்சமில்லாமல் போடும் ஊர் இது. நேர்காணலுக்கே கூப்பிடாத இடத்தில் பெயரைச் சுருக்கிப் பார்க்கலாமே என்று ஒரு இளைஞருக்குத் தோன்றினால், அந்த வலி உண்மையானது. பெயர் அவருடையது, மாற்றும் உரிமையும் அவருடையது. நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: பிடித்து மாற்றுகிறீர்களா, வெட்கப்பட்டு மாற்றுகிறீர்களா? வெட்கம் என்றால் ஆறு மாதம் பொறுங்கள் தம்பி. அறையைப் பார்க்க நேரில் போகும்போது முகத்தை என்ன செய்வீர்கள்? அப்பா பெயரை எடுத்தவர்களில் சிலர், தங்களுக்கு ஒரு குழந்தை பிறந்ததும், அதைத் திரும்பச் சேர்க்க முடியுமா என்று கேட்டு வருகிறார்கள். அவர்களுக்கு எதிரே உட்கார்ந்திருப்பது எளிதல்ல.

சத்தியப் பிரமாணத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் பெயர் மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். 1960ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டத்தின் கீழ் அது ஒரு வாக்குமூலம், அவ்வளவுதான். அடையாள அட்டையில் பெயரை மாற்றுவது தேசியப் பதிவுத் துறை, நாம் ஜேபிஎன் என்கிறோமே, அது. அங்கே மாறிய பிறகும் வங்கி, ஊழியர் சேமநிதியான இபிஎஃப், காப்புறுதி, நிலப்பட்டா எல்லாம் பழைய பெயரிலேயே கிடக்கும். ஒவ்வொன்றாக நீங்கள்தான் போக வேண்டும். பழைய பெயரைக் காட்டும் தாள் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

அப்புறம், எண்கணிதம். குழந்தைக்கு அதிர்ஷ்ட எண் வர வேண்டும் என்று பெயரில் இரண்டு எச், மூன்று ஏ சேர்க்கிறீர்கள். அது உங்கள் நம்பிக்கை, நான் குறுக்கே வரவில்லை. ஆனால் குழந்தையின் பெயரோடு சேர்த்து அப்பாவின் பெயரிலும் எழுத்தைக் கூட்டாதீர்கள். தயவுசெய்து கூட்டாதீர்கள். அப்பா பெயர் அப்பாவின் அடையாள அட்டையில் உள்ளபடியே, ஒரு புள்ளி மாறாமல் பதிவாக வேண்டும். பிறப்பைப் பதிய தீபகற்பத்தில் 60 நாள் அவகாசம் இருக்கிறது. கடைசி நாளில் ஓடாதீர்கள். பதிந்து முடிந்ததும் முகப்பிலேயே நின்று ஒவ்வொரு எழுத்தாக வாசியுங்கள். பின்னால் வரிசை நீளமாக இருக்கிறதா? இருக்கட்டும்.

வீட்டில் வயதான அப்பா அம்மா இருந்தால், இந்த வாரமே அவர்களுடைய பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, திருமணப் பதிவு, நிலப்பட்டா எல்லாவற்றையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எழுத்து வேறுபட்டால் அவர்கள் உயிரோடு இருக்கும்போதே சரிசெய்யுங்கள். முழுவதும் திருத்த முடியாவிட்டால், இந்தப் பெயரும் அந்தப் பெயரும் நானே என்று அவர்களே ஒரு சத்தியப் பிரமாணம் கொடுக்கலாம். அந்தத் தாளின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. அவர்கள் போன பிறகு அதையே நீங்கள் சொல்ல வந்தால், பழைய தோட்டத்து ஆட்களைத் தேடிப் பிடித்து, சாட்சி வாங்கி, மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். தாத்தா பாட்டியின் ஊர்ப் பெயரையும், எந்தத் தோட்டத்தில் இருந்தார்கள் என்பதையும் அப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். ஒன்றிரண்டு வழக்குகளில் எங்களுக்குக் கைகொடுத்தது அந்த ஒரு தகவல்தான்.