துப்பாக்கிக் கட்டைக்குள் எந்தத் தூளை நிரப்புகிறீர்கள்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் படகுகளுக்கும் அலைச்சறுக்குத் தோணிகளுக்கும் கண்ணாடியிழை வேலை செய்வது என் தொழில். குளிர்காலத்தில் வேட்டைப் பருவம் நெருங்கும்போது, வீட்டுக் கொட்டகையில் தாமே வார்த்த ரைஃபிள் கட்டைகளை, அதாவது குழலைத் தாங்கித் தோளில் பதியும் பகுதிகளை, செப்பனிடத் தருபவர்களும் உண்டு. கட்டையை மட்டுமே நான் வாங்கிக்கொள்வேன். இந்நாட்டில் பிறருடைய துப்பாக்கியில் கைவைத்துத் தொழில் செய்ய அதற்குரிய உரிமம் வேண்டும் என்பதால், குழலையும், தோட்டாவை ஏற்றிச் சுடும் இயங்குபகுதியையும் கழற்றுவதும் பொருத்துவதும் உரிமம் பெற்ற துப்பாக்கிச் சீரமைப்பாளரின் பொறுப்பு.

சென்ற ஆண்டு சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்த கட்டை வெளியே குறையில்லாமல் பளபளத்தது. ஆனால் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும், இயங்குபகுதியைக் கட்டையோடு பிணைக்கும் அடித் திருகாணி கால் சுற்று கூடுதலாக இறங்குவதாகவும், குறி வைத்த இடத்தில் குண்டு விழுவதில்லை என்றும் அவர் சொன்னார். அறுத்துப் பார்த்தபோது, திருகாணியைச் சுற்றி மைக்ரோபலூன் கலந்த எபாக்சிப் பிசின் பொடிந்து வெண்மாவாகக் கிடந்தது. படகு வேலை செய்யும் நண்பர் ஒருவர் சொன்ன கலவையை அவர் அப்படியே நிரப்பியிருந்தார். படகுக்கு அது சரியான கலவைதான். படகில் குணமாக இருப்பது துப்பாக்கியில் குறையாகிவிடுகிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மைக்ரோபலூன் என்பது உள்ளே வெறுமையாக இருக்கும், மாவு போன்ற மிக நுண்ணிய கண்ணாடிக் குமிழ்களின் தூள். எடையைக் குறைக்கும், உப்புத்தாளுக்கு எளிதில் இணங்கும். படகின் மேடுபள்ளத்தைச் சமன்செய்ய இதைவிட நல்ல பொருளில்லை. ஆனால் எளிதில் தேய்வது எளிதில் நொறுங்கவும் செய்யும். த்ரீஎம் நிறுவனத்தின் கே1 வகைக் குமிழ்கள் சதுர அங்குலத்துக்கு 250 பவுண்டு அழுத்தம் வரையே தாங்குபவையாகக் குறிக்கப்படுகின்றன. அதே நிறுவனத்தின் எஸ்60 வகைக்கு அந்த அளவு 10,000 பவுண்டு. சுற்றியுள்ள பிசினும் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் என்பது உண்மையே. ஆயினும் கால் அங்குலத் திருகாணியை 65 அங்குலப் பவுண்டு முறுக்கில் இறுக்கினால் ஆயிரம் பவுண்டுக்கு மேற்பட்ட இழுவிசை உண்டாகிறது, அதற்குப் பிறகு .375 போன்ற பெரிய தோட்டாவைச் சுடும்போது எழும் பின்னுதை அதே இடத்தில் மீண்டும் மீண்டும் மோதுகிறது. ஆகவே திருகாணி இறங்கும் இடத்திலும், பின்னுதையை ஏற்கும் காதுபோன்ற உலோக முனை பதியும் இடத்திலும், கை பிடிக்கும் கழுத்துப் பகுதியிலும் மைக்ரோபலூன் கலவையைத் தவிர்த்துவிடுங்கள்.

அங்கெல்லாம் பாரம் தாங்குவது இழைதான். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீளத்தில் அரைத்த கண்ணாடியிழையை எபாக்சியில் கலந்து, செங்குத்துச் சுவரில் வழியாமல் இருப்பதற்காக மட்டும் ஃப்யூம்ட் சிலிக்கா என்னும் மிக நுண்ணிய சிலிக்காத் தூளைச் சிறிது சேர்ப்பது என் வழக்கம். ஃப்யூம்ட் சிலிக்கா கலவையைக் கெட்டியாக்கும், ஆனால் அரைத்த இழைக்கு ஈடாகாது. திருகாணித் துளைகளில் அலுமினியக் குழாய்த் துண்டுகளைத் தூண்களாக ஒட்டிவிட்டால் இறுக்கும் பாரம் உலோகத்தின்மேல் விழுமே தவிர நிரப்பியின்மேல் விழாது. கழுத்துக்குத் துணியாக நெய்த கண்ணாடியிழையைப் பல அடுக்குகளாகப் போடுவதே முறை. அங்கே எந்தத் தூளும் போதாது. மைக்ரோபலூனுக்கு உரிய இடம் தோளை நோக்கிய பின்பகுதியின் உட்குடைவும், கடைசியாக மேற்பரப்பில் பூசும் மெல்லிய பூச்சும்தான்.

பின்பகுதியிலும் ஒரே மூச்சில் ஊற்ற வேண்டாம். எபாக்சி இறுகும்போது சூடாகும். வெற்றுக் குமிழ்கள் அந்தச் சூட்டை வெளியே விடாமல் அடைத்துவைப்பதால், தடித்த வார்ப்பின் நடுப்பகுதி வெந்து விரிசல் விடும். பாலியூரித்தேன் நுரையை ஊற்றுவோர் நுரை பொங்கி வெளியேற வழி விடாவிட்டால், அது கட்டையின் வெளிக்கூட்டையே பிளந்துவிடும்.

தூளைப் பற்றி இன்னொன்றையும் வலியுறுத்த வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று குவார்ட்ஸ் மாவைக் கலப்பவர்களைப் பார்க்கிறேன். அதைத் தேய்க்கும்போது எழும் படிக சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்னும் மீளாத நோயை உண்டாக்கும். இந்த நாட்டின் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் குடும்பங்கள் அந்தப் பெயரை நன்றாக அறியும். ஃப்யூம்ட் சிலிக்கா படிகமற்றது, ஆகவே அதே அபாயம் கொண்டதல்ல. இருந்தாலும் காற்றில் புகைபோல மிதக்கும் அந்தத் தூளையும் கண்ணாடியிழைத் தூசையும் துணியாலான கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தடுக்க முடியாது. நுண்தூசுக்கான வடிகட்டி உள்ள, முகத்தோடு பொருந்தும் முகமூடி வேண்டும். உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தால் தூசு மிகவும் குறையும். கொட்டகையில் குழந்தைகளை நிற்க விடாதீர்கள். வேலைச் சட்டையை வீட்டுத் துணிகளோடு துவைக்காதீர்கள்.

எந்தக் கலவையானாலும் முதலில் ஒரு சிறு குவளையில் வார்த்து, முழுதும் இறுகியபின் துளையிட்டுப் பெரிய திருகாணியைப் போட்டு இறுக்கி, ஓர் இரவு விட்டு மறுநாள் மீண்டும் திருப்பிப் பாருங்கள். திருகாணி சிறிதளவு இறங்கினாலும் அந்தக் கலவையைத் திருகாணிக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். சாட்ஸ்வொர்த் தம்பியின் கலவையை நான் அப்படிச் சோதித்தபோது, இரண்டாவது காலையிலும் திருகாணி இறங்கிக்கொண்டுதான் இருந்தது.