ஏற்றிய விண்டோஸ் எங்கே போயிற்று?

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் கேட்ட கேள்விதான் தலைப்பு. பேரனின் லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க் பழுதாகிவிட்டது. 500 ஜிபி டிஸ்க் ஒன்றை வாங்கி மாட்டி, பென் டிரைவிலிருந்து விண்டோஸ் ஏற்றினான். எல்லாம் முடிந்து முகப்புத் திரையும் வந்தது. மறுநாள் காலையில் இயக்கினால், துவக்குவதற்கு டிஸ்க் எதுவும் இல்லை என்று கறுப்புத் திரையில் ஒற்றை வரி. டிஸ்க் இந்த மாடலுக்கு ஒத்துவரவில்லை என்றாராம் கடைக்காரர். ராகுகாலத்தில் ஆரம்பித்தால் இப்படித்தான் ஆகும் என்றாராம் அடுத்த வீட்டுக்காரர். "கண்ணெதிரே ஏற்றியது எங்கே போகும்?" என்று கேட்டார் ஆச்சி. மூவரில் அறிவியல் கேள்வி அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்குரூ டிரைவரோடு பஸ் ஏறினேன்.

முதலில் சில்லறைச் சந்தேகங்கள். விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கக்கூடிய, மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள் போய்ப் பார்த்தால் டிஸ்கின் பெயரும் கொள்ளளவும் தெரிந்தன. ஆகவே மாட்டியது சரி. கடிகாரம் சரியான நேரம் காட்டியது. ஆகவே மதர்போர்டில் உள்ள அந்தக் கடிகாரத்தை ஓட்டும் நாணய வடிவ மின்கலமும் சரி. சிஆர்2032 என்ற அந்த வகையின் பெயரிலேயே அளவு இருக்கிறது: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர்.

மின்கலம் என்றதும் காரைக்குடிக்காரனுக்குச் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் நினைவு வராமல் இருக்காது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் நிறுவனம் திறக்கப்பட்டது. இன்று நம் ஊர்களில் குடமுழுக்குக்குச் சேரும் பணத்தில் நூற்றில் ஒரு பங்கு ஆய்வுக்கூடங்களுக்குச் சேர்ந்தால்கூட எனக்குப் போதும். சரி, கதைக்கு வருகிறேன்.

"பென் டிரைவை எப்படித் துவக்கினாய் தம்பி?" என்று பேரனைக் கேட்டேன். "முதலில் அது பட்டியலிலேயே வரவில்லை அண்ணே. அமைப்பில் லெகசி என்று மாற்றினேன், வந்தது. ஏற்றி முடித்ததும் பழையபடி மாற்றி வைத்துவிட்டேன்" என்றான். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கும் நல்ல பிள்ளை. வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது.

மின்சாரம் கிடைத்தவுடன் கணினிக்கு விண்டோஸ் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. மதர்போர்டில் பொறித்த ஒரு சிறு நிரல்தான் முதலில் விழிக்கிறது. பேரன் தேர்ந்தெடுத்த லெகசி என்பது பழைய முறை; அதில் இந்த நிரலின் பெயர் பயாஸ். அதற்குக் கோப்பு தெரியாது, கோப்புறை தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரே வேலை: டிஸ்கின் முதல் 512 பைட்டை எடுத்து, நினைவகத்தில் ஒரு குறிப்பிட்ட முகவரியில் வைத்து, அதை இயக்குவது. 31,744 என்ற அந்த முகவரி 1981ஆம் ஆண்டின் ஐபிஎம் பிசியிலிருந்து வருகிறது. 32 கிலோபைட் நினைவகத்தின் கடைசி ஒரு கிலோபைட் தொடங்கும் இடம் அது. இன்றைய கணினியில் அதைப்போல் பல லட்சம் மடங்கு நினைவகம் இருந்தும் முகவரி மாறவில்லை.

அந்த 512 பைட்டை லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தின் வழியாகத் திரையில் விரித்துப் பேரனுக்குக் காட்டினேன். மொத்தம் 32 வரிகள்தான். இறுதியில் 64 பைட், டிஸ்கைப் பங்கிடும் நான்கு பிரிவுகளின் அட்டவணை. அதற்கும் கீழே இரண்டு பைட் முத்திரை. மீதி 446 பைட்டுக்குள் நிரல் அடங்கியாக வேண்டும். எவ்வளவு குறுகல் என்றால், யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் 'செட்டிநாடு' என்று எழுத 30 பைட் ஆகிறது. இடைவெளியில்லாமல் 14 முறை எழுதலாம்; 15ஆவது முறைக்கு இடம் போதாது. இந்த ஒண்டுக்குடித்தன இடத்துக்குள் நிரலை மட்டுமல்ல, ஆங்கிலத்தில் மூன்று பிழைச் செய்திகளையும் திணித்திருக்கிறார்கள். அட்டவணை தவறு, ஏற்றுவதில் பிழை, இயங்குதளத்தைக் காணோம் என்ற மூன்றும் திரையின் வலப்பக்கம் பச்சையாகப் படிக்கக் கிடந்தன.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த நிரல் செய்யும் முதல் காரியம். விழித்தவுடன் அது தன்னையே வேறோர் இடத்தில் நகலெடுத்துக்கொண்டு அங்கே குடிபோய்விடுகிறது. காரணம், அடுத்து வரவேண்டிய நிரலும் அதே 31,744இல்தான் உட்கார வேண்டும். பந்தியில் பாதிச் சாப்பாட்டில் ஒருவர் தன் இலையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து, அந்த இடத்திலேயே அடுத்தவருக்கு இலை போடுவதைப் போன்றது இது. பிறகு நான்கு பிரிவுகளில் எது துவக்கப் பிரிவு என்று பார்த்து, அதன் முதல் 512 பைட்டை அழைத்து உட்காரவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

இவ்வளவும் நடக்க அந்த முத்திரை இருக்க வேண்டும். பிள்ளையார் சுழி என்று எழுதத்தான் கை வந்தது. ஆனால் இது தாளின் அடியில் இருப்பதால் கைச்சாத்து என்பதே பொருத்தம். பதினாறடிமான எண்ணில் 55, ஏஏ. இரும எண்ணில் விரித்தால் 01010101 10101010. முதல் பாதியைத் தலைகீழாக்கினால் அடுத்த பாதி. ஆத்தங்குடிக் கல்லைக் கறுப்பும் வெள்ளையுமாகப் பதித்த தரைபோல இருக்கிறது. ஆச்சி வீட்டு டிஸ்கில் 55, ஏஏ இருந்தது, அட்டவணை இருந்தது, துவக்கப் பிரிவின் குறியும் இருந்தது. விண்டோஸ் எங்கும் போகவில்லை.

அப்படியானால் கணினி ஏன் இல்லை என்றது? பேரன் பழையபடி மாற்றிவைத்தானே, அது யூஈஎஃப்ஐ என்ற புதிய முறை. அதற்கு இந்த முதல் 512 பைட்டில் உள்ள நிரல் ஒரு பொருட்டே அல்ல. அதற்கு, டிஸ்கில் கோப்புகளை அடுக்கும் ஃபேட் என்ற முறையில் எழுதிய கோப்புகளைப் படிக்கத் தெரியும். ஆகவே துவக்கத்துக்கென்று ஒதுக்கிய ஒரு தனிப் பிரிவைத் தேடி, அதற்குள் இருக்கும் துவக்கக் கோப்பை நேராகத் திறக்கிறது. லெகசி முறையில் ஏற்றிய டிஸ்கில் அந்தப் பிரிவே கிடையாது. ஆளைத் தெரியாதவர், 'அப்படி யாரும் இந்தத் தெருவில் இல்லை' என்று சொல்வது பொய்யாகுமா?

புதிய முறைக்கு உரிய அட்டவணையின் பெயர் ஜிபிடி. பழையது சுமார் 2 டெராபைட்டுக்கு மேல் எண்ண அறியாது, இது அறியும். இதன் நகல் ஒன்று டிஸ்கின் கடைசியிலும் இருக்கும். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் உள்ள நகரத்தார் வீடு இது. முன்பக்கம் சிதைந்தால் பின்பக்கமாக உள்ளே போகலாம்.

முதலில் மறுபடி லெகசிக்கு மாற்றிக் காட்டினேன். விண்டோஸ் ஒன்றும் நடக்காததுபோல் வந்து நின்றது. "அட, இங்கேயேதான் இருந்திருக்கிறது" என்றார் ஆச்சி. அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் விண்டோஸ் 11 யூஈஎஃப்ஐயைத்தான் கேட்கும். அதோடு, அமைப்பை யாராவது இன்னொரு முறை தொட்டால் இதே கதைதான். ஏற்றியதை அழிக்காமல் ஜிபிடிக்கு மாற்றும் கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. டிஸ்கில் காப்பாற்ற ஒன்றும் இல்லாததால் நாங்கள் புதிதாகவே ஏற்றினோம்: பென் டிரைவை யூஈஎஃப்ஐக்கு ஏற்றபடி மறுபடி தயாரித்தோம், அமைப்பைத் திருப்பினோம், பழைய பிரிவுகளை எல்லாம் அழித்து வெற்றிடத்தைத் தேர்ந்தெடுத்தோம். பிரிவுகளை விண்டோஸே வகுத்துக்கொண்டது. தொடங்கியது ஞாயிறு மாலை 4.45, சுத்தமான ராகுகாலம். மூன்று முறை அணைத்து இயக்கிப் பார்த்தோம், மூன்று முறையும் வந்தது.

கிளம்பும்போது ஆச்சி பழைய டிஸ்கைக் கொண்டுவந்து நீட்டினார். மகள் கல்யாணப் படங்கள் அதில்தான் இருக்கின்றனவாம். காதருகே வைத்துக்கொண்டு ஒரே ஒரு முறை மின்சாரம் கொடுத்தேன். டக், டக் என்று அடித்தது. உடனே பிடுங்கிவிட்டேன். அந்தச் சத்தம் வரும் டிஸ்கில், படிக்கும் முனை தகட்டைக் கீறிக்கொண்டிருக்கக்கூடும். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் இன்னும் சில படங்கள் போகலாம். தரவு மீட்பவரிடம் கொடுக்கும்வரை யாரும் செருகிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லி, துணியில் சுற்றி ஆச்சியின் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.